வெண்பாக்கத்து ஊன்றுகோல்

சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் ஓர் ஊர் கிடக்கிறது. திருவெண்பாக்கம் என்பது அதன் பழம்பெயர். கொசத்தலை ஆற்றின் குறுக்கே அணை எழுப்பி 1944இல் நீர் தேக்கியபோது, அவ்வூர்க் கோயிலும் நீருக்குள் போக வேண்டியதாயிற்று. மூர்த்தங்களை எடுத்து வந்து, பிற்பாடு பூண்டியில் புதிதாகக் கோயில் கட்டினார்கள். இறைவனுக்கு ஊன்றீஸ்வரர் என்று பெயர். பாடல் பெற்ற தலங்களை வரிசைப்படி பார்த்து முடிக்கிற அன்பர்கள் வண்டியில் வந்து இறங்குகிறார்கள், பதிகத்தை ஒருமுறை படிக்கிறார்கள், திருப்பாசூருக்கோ திருவாலங்காட்டுக்கோ கிளம்பிவிடுகிறார்கள். பெருங்கூட்டம் திரளும் கோயில் அன்று. ஆனால் கடந்த மூன்றாண்டுகளாக எங்கள் வீட்டில் மிகுதியும் பேசப்பட்ட கோயில் இதுதான்.

கதை தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிச் சென்றுவிடலாம். பெரியபுராணத்தில் சுந்தரருக்குக் கண் போன கதை, ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்துக்குள் வருகிறது. திருவொற்றியூரில் சங்கிலியாரைக் கண்டு மயங்கிய சுந்தரர், உன்னைப் பிரியேன் என்று சத்தியம் செய்துகொடுத்து மணக்க வேண்டும் என்றாகிறது. சந்நிதியில் அப்படியொரு சத்தியம் செய்ய அவருக்குத் தயக்கம். ஆகவே, அந்த நேரத்துக்கு மட்டும் நீ மகிழ மரத்தடிக்குப் போய்விடு என்று இறைவனிடமே ஏற்பாடு செய்துகொள்கிறார். இறைவனும் சரி என்கிறான். பிறகு சங்கிலியாரிடம் சென்று, மகிழ மரத்தடியில் சத்தியம் வாங்கு என்று சொல்லிவிடுகிறான். வசந்த காலம் வருகிறது. ஆரூர் விழா நினைவுக்கு வர, சுந்தரர் ஒற்றியூர் எல்லையைத் தாண்டுகிறார். இரு கண்களும் போகின்றன. வழி தடவி வடதிருமுல்லைவாயில் வந்து, அங்கிருந்து வெண்பாக்கம் வந்து, கோயிலுக்குள் இருக்கிறாயா என்று கேட்கிறார். இருக்கிறோம், நீர் போய்வாரும் என்கிற பொருளில் பதில் வருகிறது. கையில் ஓர் ஊன்றுகோல் கிடைக்கிறது. அவ்வளவுதான். காஞ்சிபுரத்தில் இடக்கண்ணும் திருவாரூரில் வலக்கண்ணும் கிடைப்பது அப்புறம்.

எங்களில் ஒருவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். மற்றவர் வங்கியில் வேலை பார்ப்பவர். இக்கட்டுரையில் 'நாங்கள்' என்று வருவது அவ்விருவரையும் சேர்த்துத்தான். தமிழாசிரியர் இக்கதையை வகுப்பில் பலமுறை நடத்தியிருக்கிறார். தேர்வில் வரும் கேள்வி தம்பிரான் தோழர் என்னும் உறவைப் பற்றியதாகவே இருக்கும். வெண்பாக்கத்துக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் கிடைப்பதில்லை. அடியார் கதைகளில் அற்புதம் பெரும்பாலும் ஒரே வீச்சில் நடந்து முடிந்துவிடும். முதலை விழுங்கிய பிள்ளை இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடு வெளியே வருவான். அரவு தீண்டிய பிள்ளை எழுந்து உட்காருவான். இங்கேயோ கோல் ஓர் ஊரில், ஒரு கண் வேறோர் ஊரில், மறு கண் இன்னோர் ஊரில். வங்கிக்காரர் இதை முதன்முதலாகக் கேட்டபோது, "தவணை முறையிலா?" என்றார்.

நிற்க. இக்கதை எங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

எங்களுக்கு ஒரே மகள். 2022 ஐப்பசியில், அவளுக்கு 13 வயது நடந்துகொண்டிருந்தபோது, மின்சாரம் போன ஒரு மாலையில் மாடிப்படியில் தடுக்கி விழுந்தாள். பிள்ளைகள் விழுவது இயல்புதான். ஆனால் அதற்குப் பின் திரையரங்கில் இருக்கையைக் கண்டுபிடிக்க எங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தெருவில் பக்கவாட்டில் வந்த சைக்கிள் அவளுக்குத் தெரியவில்லை. பாட்டி அதை மாலைக்கண் என்றார். முருங்கைக்கீரையும் பொன்னாங்கண்ணியும் ஆட்டீரலும் முறை வைத்துச் சமைக்கப்பட்டன. உயிர்ச்சத்து ஏ குறைபாட்டால் வரும் மாலைக்கண்ணாக இருந்திருந்தால் பாட்டியின் வைத்தியம் பலித்திருக்கும். மருத்துவமனையில் அதற்கு ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா என்று பெயர் சொன்னார்கள். உலகில் ஏறக்குறைய 4000 பேரில் ஒருவருக்கு வரும் மரபணுக் கோளாறு. விழித்திரையில் மங்கிய வெளிச்சத்தை உணரும் செல்கள் முதலில் அழிகின்றன. பிறகு பார்வையின் ஓரங்கள் உதிர்ந்து, நடுப்பகுதி மட்டும் குழாய் வழியே பார்ப்பதுபோல் எஞ்சுகிறது. சொந்தத்தில் மணந்தவர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றோம். அப்படியில்லாதவர்களின் பிள்ளைகளுக்கும் வரும் என்றார்கள்.

எவ்வளவு வேகமாக என்று கேட்டோம். மருத்துவர் நல்லவர், பொய் சொல்லவில்லை. ஆளுக்கு ஆள் மாறும். 20 வயதில் பெரும்பகுதியை இழந்தவர்களும் உண்டு, 50 வயதிலும் படிக்கிறவர்களும் உண்டு என்றார். அமெரிக்காவில் 2017 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற மரபணு மருத்துவம் ஒன்றைப் பற்றி நாங்களே தேடிப் படித்துக்கொண்டு போயிருந்தோம். அது ஆர்பிஈ 65 என்கிற ஒரேயொரு மரபணுவில் பழுதுள்ளவர்களுக்கானது. இந்நோய்க்குக் காரணமாகக்கூடிய மரபணுக்கள் பல பத்து இருக்கின்றன. எங்கள் மகளின் பழுது வேறொன்றில். ஆகவே ஆண்டுக்கொரு முறை வந்து சோதித்துக்கொள்ளுங்கள் என்பதுதான் எங்களுக்குக் கிடைத்த மருந்துச்சீட்டு.

துயரத்துக்குத் தமிழில் எத்தனையோ சொற்கள் உண்டு. தெரியாமையோடு வாழ்வதற்கு அவ்வளவு சொற்கள் இல்லை. நோய் இன்னது என்று தெரியும், முடிவு எங்கே என்று தெரியாது, அந்த இடைவெளியில் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணமும் கட்ட வேண்டும், பிறந்தநாளுக்குத் துணியும் எடுக்க வேண்டும். தமிழ்த் தாய் தந்தையர் பிள்ளையை அழைக்கும் சொல்லே எங்களுக்குக் காலை வாரிவிட்டது. 'கண்ணு' என்றுதான் அவளை நாங்கள் எப்போதும் கூப்பிடுவோம். அந்த மாதத்தில் ஒருநாள் இருவருமே அச்சொல்லைத் தவிர்க்கத் தொடங்கியிருப்பதை ஒருவரிடம் ஒருவர் கண்டுகொண்டோம். அவளும் கண்டுகொண்டாள். "இப்ப மட்டும் ஏன் பேர் சொல்லிக் கூப்பிடுறீங்க?" என்றாள்.

பார்வைப் புலச் சோதனை என்று ஒன்று. இருட்டறையில் ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, தாங்கியில் மோவாயைப் பதித்து, நடுவில் இருக்கும் ஒரு புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஓரங்களில் சிறு ஒளிப்புள்ளிகள் தோன்றித் தோன்றி மறையும். தெரியும்போதெல்லாம் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். எங்களை மூலையில் உட்கார அனுமதித்தார்கள். எங்களுக்கு ஒளி தெரியாது, பொத்தானின் ஒலி மட்டும் கேட்கும். 'டிக்', ஓர் இடைவெளி, 'டிக் டிக்', பிறகு நெடிய இடைவெளி. அந்த நெடிய இடைவெளிகளில் புள்ளிகள் வந்துகொண்டுதான் இருந்தன என்பது எங்களுக்குத் தெரியும். இருவரும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தோம். தமிழாசிரியர் சொன்னது சிறுவயதில் பாட்டி மனப்பாடம் செய்வித்த பதிகம். வங்கிக்காரர் என்ன சொன்னார் என்று பிறகு கேட்டதற்கு, "எண்ணிக்கிட்டிருந்தேன்" என்றார். ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுத்த 'டிக்' வரும் வரைக்கும் எண்ணியிருக்கிறார். எங்கள் வீட்டில் பிரார்த்தனை தொடங்கிய நாளாக அதையே குறிப்பிட வேண்டும். எண்ணுவதும் பிரார்த்தனையா என்று வாதிடுகிறவர்கள், அந்த மூலையில் ஒருமுறை உட்கார்ந்து பார்க்கலாம்.

வங்கிக்காரரின் குடும்பம் சுயமரியாதை இயக்கத்தில் ஊறியது. எங்கள் திருமணமே புரோகிதரும் தீயும் இல்லாமல், 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியில் மாலை மாற்றி நடந்ததுதான். அவருடைய தந்தைக்கு இப்போது எண்பதை ஒட்டிய வயது. இன்றும் காலையில் 'விடுதலை' படிக்காமல் காபி குடிக்கமாட்டார். தமிழாசிரியரின் வீட்டிலோ மார்கழியில் திருவெம்பாவை, மற்ற மாதங்களில் தேவாரம். இருபதாண்டுகளாக இந்த வேறுபாடு எங்களுக்குள் ஒரு வேடிக்கையாகவே இருந்து வந்தது. நோய் வந்த பிறகு வேடிக்கை நின்றது.

உறவும் தெருவும் வேண்டுதல்களோடு வந்தன. வெள்ளியில் கண்மலர் செய்து அம்மனுக்குச் சாத்தச் சொன்னார்கள். மயிலாப்பூர் வெள்ளீஸ்வரர் கோயிலுக்கு வெள்ளிக்கிழமைகளில் போகச் சொன்னார்கள். சுக்கிரன் இழந்த கண்ணைத் திரும்பப் பெற்ற தலமாயிற்றே. எதிர்வீட்டுக்காரர் டிசம்பர் 13ஆம் நாள், கண்களுக்குப் பாதுகாவலியான புனித லூசியாவின் திருநாளில், மகளின் பெயருக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தார். மகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் ஆட்டோக்காரர் ஒவ்வொரு ஃபஜ்ரிலும் அவளுக்காக துஆ கேட்பதாக, வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கையில் தற்செயலாகச் சொன்னார். பாட்டி கந்தசஷ்டி கவசத்தை இரட்டிப்பாக்கினார். உடம்பின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எண்ணிக் காக்கச் சொல்லும் அந்த நூலில், கண் வருமிடத்தில் பாட்டியின் குரல் உயரும். "பாட்டி, மத்த பார்ட்ஸ் எல்லாம் கோவிச்சுக்கும்" என்பாள் மகள்.

இவற்றில் எதையும் நாங்கள் மறுக்கவில்லை. ஒருவர் அதிகாலையில் எழுந்து உங்கள் பிள்ளையின் பெயரைச் சொல்லி எதையோ கேட்கிறார் என்றால், அதை மறுக்க எந்தக் கொள்கைக்கும் இடமில்லை. பகுத்தறிவாளரான தாத்தாவும் மறுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். "யார் வேணா என்ன வேணா கும்பிடுங்க. ஆனா அந்தப் புள்ளைகிட்ட 'சரியாயிடும்'னு மட்டும் யாரும் சொல்லாதீங்க. நாளைக்கு சரியாகலைன்னா, அவ கும்பிட்டது பத்தலைன்னு நெனச்சுக்குவா" என்றார்.

இவ்விஷயத்தில் எங்கள் காதில் விழுந்தவற்றுள் மிகவும் சமயப் பொருள் பொதிந்த வாக்கியம் இதுதான் என்று தமிழாசிரியர் சொல்வார். தாத்தா கேட்டால் சண்டைக்கு வருவார் என்பது வேறு விஷயம். அதுமுதல், பிள்ளையிடம் பொய் சொல்லாத பிரார்த்தனை ஒன்று எங்களுக்குத் தேவைப்பட்டது. தேடியபோதுதான் வெண்பாக்கம் அகப்பட்டது.

அப்பதிகத்தைப் படித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது நன்றிப் பாட்டன்று. தன் குறையையும் சொல்லிக்கொண்டு, உனக்கு இது தகுமா என்றும் கேட்கிற பாட்டு. சுந்தரருக்கு வன்தொண்டர் என்ற பெயர் சும்மா வந்ததில்லை. பின்னர் ஒரு கண் மட்டும் பெற்றுத் திருவாரூர் சேர்ந்த நிலையில் பாடும் பதிகத்தில், வாழ்த்துவது போன்ற ஒரு சொல்லாலேயே இறைவனை வைதிருக்கிறார். அந்தப் பாட்டு திருமுறைக்குள் இருக்கிறது, ஓதுவார்கள் பண்ணோடு பாடுகிறார்கள், கோயில் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. பிரார்த்தனை என்றால் பணிவு, பணிவு என்றால் வாய்மூடியிருத்தல் என்று எங்கோ ஒரு கணக்கு நமக்குள் படிந்துவிட்டது. தமிழில் அதற்கு 'முறையீடு' என்றும் ஒரு பெயர் இருப்பதை மறந்துவிடுகிறோம்.

இன்னொன்று. இறைவன் அங்கே தன்னைத் தன்மைப் பன்மையில் சொல்லிக்கொள்கிறான். அது பெருமைக்குரிய பன்மை என்று இலக்கணம் சொல்லிக் கடந்துவிடலாம், பொதுவாகக் கடந்துவிடுகிறோம். ஆனால் கண்ணிழந்த ஒருவன் தனியாக வாசலில் நிற்கையில், உள்ளிருந்து ஒரு 'நாங்கள்' பதில் சொல்வதை இப்போது எங்களால் அவ்வளவு எளிதாகக் கடக்க முடிவதில்லை. கண்ணைத் தருகிறேன் என்று அக்குரல் சொல்லவில்லை. எப்போது என்றும் சொல்லவில்லை. இருக்கிறோம் என்கிறது, போகச் சொல்கிறது, போவதற்கு ஒரு கோலையும் தருகிறது. உரையாசிரியர்கள் இப்பதிலை எப்படி விளக்கினாலும், மருத்துவமனையிலிருந்து திரும்பும் பெற்றோருக்கு இது போதுமான அளவு நேர்மையான பதிலாகப் படுகிறது.

ஓதுவார் ஒருவரிடம் கேட்டு அதன் பண்ணைக் கற்றுக்கொண்டோம். பண் சீகாமரம், இன்று நாதநாமக்கிரியை இராகத்தில் பாடுகிறார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் பத்து நிமிடம். அந்த நேரத்தைத் தேர்ந்தது வேண்டுமென்றேதான். வெளிச்சம் குறையக் குறைய மகளுக்கு வீடு சுருங்கத் தொடங்கும் நேரம் அது. அவள் நாற்காலியை விட்டு எழாமல் உட்கார்ந்துவிடுவாள். இப்போது அந்தப் பத்து நிமிடமும் நாங்களும் அவளருகில் உட்கார்ந்திருக்கிறோம். வங்கிக்காரர் நீறு பூசுவதில்லை, கைகூப்புவதில்லை. ஆனால் சுருதி விலகினால் முதலில் முகம் சுளிப்பவர் அவரே. அச்சம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. இரவில் விழிப்புத் தட்டினால் அதே கணக்குதான் ஓடுகிறது. கல்லூரி, வேலை, திருமணம், தனியாகச் சாலையைக் கடத்தல். ஆனால் பகல் முழுவதும் அச்சத்தைக் கையில் ஏந்திக்கொண்டு அலைய வேண்டியதில்லை. சாயங்காலம் அதைக் கொண்டுபோய் இறக்கிவைக்க ஓர் இடம் இருக்கிறது, கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார் அல்லது இருப்பதுபோல் பாடுவதற்கு ஒரு பாட்டு இருக்கிறது. இவ்விரண்டில் எது என்பதில் எங்களுக்குள் இன்னமும் உடன்பாடில்லை.

நாங்கள் வசிப்பது திருவொற்றியூரில். மாசித் திருவிழாவில் மகிழடி சேவை நடக்கும்போது தெருவே திரண்டு போகும். எல்லை தாண்டியதால் கண் போன ஊரிலிருந்து, எல்லை தாண்டிக் கண் மருத்துவமனைக்குப் போய்வருகிறோம் என்பதைச் சொல்லிச் சிரிக்கும் துணிவு மகளுக்குத்தான் முதலில் வந்தது. சென்ற ஆண்டு அவளையும் அழைத்துக்கொண்டு பூண்டிக்குப் போனோம். அன்று எங்களைத் தவிர யாருமில்லை. அர்ச்சகர் தீபாராதனையை நிதானமாகக் காட்டினார். அம்மைக்கு மின்னொளி அம்மை என்று பெயர். சுந்தரருக்கு மின்னலாக நின்று வழி காட்டியதாகத் தலவரலாறு. சந்நிதிக்கு எதிரேயிருக்கும் நந்திக்கு ஒரு கொம்பு ஒடிந்திருக்கிறது. கண்ணைக் கேட்டால் கோலைக் கொடுக்கிறாயா என்று சுந்தரர் சினந்து அக்கோலை வீசியெறிந்தார், அது பட்டு ஒடிந்தது என்கிறார்கள். பெரியபுராணத்தில் இந்த வீச்சு இல்லை. ஊர் சேர்த்த பகுதி. ஊருக்கு நன்றி.

மகள் நந்தியின் அருகில் போய், அந்த ஒடிந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "கண்ணு தெரியாதவர் எறிஞ்சும் குறி தப்பலையே."

அர்ச்சகருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாங்களும் சிரித்தோம், அவர் அளவுக்கு இல்லை. வண்டியில் திரும்பி வரும்போது, நீர்த்தேக்கக் கரையில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. "அந்தக் குச்சி மடக்குற மாதிரி இருந்திருக்குமா?" என்று கேட்டாள். ஓராண்டுக்கு மேலாக எங்களால் அவளிடம் எடுக்க முடியாதிருந்த பேச்சு அது. வெண்கோல் பழகிக்கொள்வது நல்லது என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். முழுதும் பார்வை போன பிறகு பழகுவதைவிட, ஓரளவு தெரியும்போதே பழகுவது எளிது என்பார்கள். பள்ளியில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று அவள் அப்பேச்சையே வெட்டிவிடுவாள். அன்று வண்டியில் அவளே பேசினாள். எவ்வளவு நீளம் இருக்கும், பையில் அடங்குமா, இரவில் மட்டும் எடுத்துக்கொண்டால் போதுமா என்று வீடு வரும்வரை கேட்டுக்கொண்டு வந்தாள்.

பயிற்சி தருபவர் ஒருவரைக் கண்டுபிடித்தோம். நிற்கவைத்து, தரையிலிருந்து நெஞ்செலும்பு வரை அளந்துகொண்டார். இடமும் வலமும் தட்டித் தட்டி, எந்தக் கால் முன்னே போகிறதோ அதற்கு எதிர்ப்புறம் கோல் தொட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். முதல் வாரம் அவளுக்குத் தாளம் பிடிபடவில்லை. பாட்டி உட்கார்ந்தபடியே கைத்தாளம் போட்டுக் கொடுத்தார், ஆதி தாளம். இப்போது பிளஸ் ஒன் படிக்கிறாள். பகலில் கோல் பைக்குள் மடங்கியிருக்கும். டியூஷன் முடிந்து இருட்டியபின் தெருமுனையில் விரியும். அந்தத் 'தட் தட்' ஒலி எங்கள் வீட்டுக்கு முன்பே கேட்டுவிடும். ஒருநாள் அது பாட்டின் நடுவே கேட்டது. நிறுத்தாமல் பாடினோம்.

இப்போது வேறு கவலைகள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் (2016) குறைபார்வையைப் பார்வைப் புலத்தின் பாகையாலும் வரையறுக்கிறது. 40 பாகைக்குக் கீழே 10 வரை ஒரு பிரிவு, அதற்கும் குறைந்தால் வேறொரு பிரிவு. தேர்வில் கூடுதல் நேரம் கேட்பதற்கும் சொல்வதை எழுதுபவரைக் கேட்பதற்கும் சான்றிதழ் வேண்டும். அவ்வெண் எங்கே நிற்கிறது என்பதைச் சோதனைதான் சொல்லும். அதற்கான படிவங்களைத் தாத்தா நிரப்புகிறார், மேலே பிள்ளையார் சுழி இல்லாமல்.

அடுத்த பார்வைப் புலச் சோதனை தை மாதம். இம்முறை நாங்கள் அறைக்கு வெளியே உட்கார வேண்டுமாம். உள்ளே ஒருவர் முணுமுணுப்பதும் ஒருவர் எண்ணுவதும் அவளுக்குத் தெளிவாகக் கேட்கிறதாம். புள்ளி வரும் நேரத்தில் அது கவனத்தைக் கலைக்கிறதாம்.